டாக்டரான பிறகு யாரிடம் கேட்பது?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் மீரியபெத்தவில் மலை சரிந்தது. பதுளை மாவட்டம், ஹல்துமுல்ல பிரதேசம், கொஸ்லந்தைக்கு மேலே அம்பிட்டிகந்த தோட்டத்தின் ஒரு பிரிவு அது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது லயமும் இல்லை, லயத்தில் இருந்தவர்களும் இல்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கை பிறகு நாற்பதுக்குக் கீழே வந்து நின்றது; கிடைத்த உடல்கள் அதில் பாதிகூட இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும், பிறகு மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். 75 புது வீடுகள் கைக்கு வர 2016 ஒக்டோபர் ஆனது.

ஒவ்வொரு ஒக்டோபர் கடைசியிலும் பத்திரிகைகள் இதை எழுதுகின்றன. இந்தக் கட்டுரை வேறொன்றைக் கேட்க வருகிறது. அப்படியொரு காலையில் ஓர் ஊருக்கு எந்தெந்த வைத்தியர்கள் தேவை? மண்ணிலிருந்து எடுத்த உடல் இன்னாருடையதுதான் என்று உறுதிசெய்ய சட்ட வைத்திய நிபுணர் வேண்டும். உடல் கிடைக்காத அம்மாவுக்காக அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாத பிள்ளையின் பக்கத்தில் உட்கார மனநல வைத்திய நிபுணர் வேண்டும். நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் கிடக்கும் முகாமில் வயிற்றுப்போக்கு பரவாமல் பார்க்க சமுதாய மருத்துவம் படித்தவர் வேண்டும். முகாமிலேயே மாதம் நிறைகிற கர்ப்பிணிக்கு மகப்பேற்று நிபுணர் வேண்டும். இவர்கள் எல்லோரும் எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிடாமல் அதற்குமேல் பல வருடம் படித்தவர்கள். அந்தப் படிப்பின் வாசல் எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும், என்ன ஆயத்தத்தோடு போய் நிற்க வேண்டும் என்று ஊவாவின் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு யார் சொல்லித்தருவது?

மலையகத்தில் மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேசினால் பேச்சு உயர்தரப் பரீட்சையோடு முடிந்துவிடும். இஸட் புள்ளி, வெட்டுப்புள்ளி, மாவட்டக் கோட்டா. அதற்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை வரிசை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் கோட்டா மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு இல்லை. மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். பண்டாரவளை, பதுளை நகரங்களின் பெரிய பாடசாலைகளில் ஆய்வுகூடமும் டியூஷனும் உள்ள பிள்ளைகளோடுதான் பூனாகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் வருகிற பிள்ளை அந்த இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் ஒழுங்காக நடக்கும் பாடசாலைகள் ஊவாவில் சொற்பம். அவற்றிலும் இந்த வருடம் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தால் அடுத்த வருடம் இரசாயனவியலுக்கு இருக்க மாட்டார். இவ்வளவையும் தாண்டி ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் தோட்டமே பேனர் கட்டுகிறது, தலைவர் மாலை போடுகிறார், கோயிலில் பூசை நடக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிக்கல் பேனரைக் கழற்றிய பிறகுதான். மாவட்டக் கோட்டா மருத்துவ பீடத்தின் வாசல்வரை கூட வருகிறது. உள்ளே நுழைந்தபின் மாவட்டம் என்ற ஒன்று கிடையாது. பரீட்சைப் புள்ளிகள் எல்லாப் பீடங்களுக்கும் பொதுவான ஒரு திறமை வரிசையில் போய் விழுகின்றன. மாணவர்கள் 'மெரிட் லிஸ்ட்' என்பது அதைத்தான். உள்ளகப் பயிற்சிக்கு, அதாவது ஹவுஸ் ஆபீசராக ஒரு வருடம் எந்த வைத்தியசாலையில், எந்த கன்சல்டன்டின் கீழ் வேலை செய்வது என்பதற்கு, அந்த வரிசைப்படிதான் இடம் தெரிவு. அதற்குப் பிந்திய முதல் நியமனத்துக்கும் அதே வரிசை. முன்னால் இருப்பவர் கொழும்பையும் கண்டியையும் எடுத்துக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு மிஞ்சிக் கிடக்கும் இடங்கள்.

வைத்தியர் குடும்பத்துப் பிள்ளைக்கு இது முதலாம் வருடத்திலேயே தெரியும். சாப்பாட்டு மேசையில் அப்பா சொல்லியிருப்பார்: உடற்கூற்றியலைப் பாஸ் பண்ணினால் போதும் என்று விடாதே, பின்னால் சர்ஜரி பார்ட் வன்னுக்கு அதுவேதான் வரும். மாமா சொல்லியிருப்பார்: அந்த யூனிட்டில் அப்பாயின்ட்மென்ட் (வார்டுப் பயிற்சி) செய், அங்கே கேஸ் பிரசன்ட் பண்ணவிட்டு உரிப்பார்கள், ஆனால் பயம் போய்விடும். தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் பாதி இறுதி வருடத்தில் தெரியவரும், மீதி உள்ளகப் பயிற்சியில். சில சங்கதிகள் தெரியவரும்போது விண்ணப்பத் திகதி தாண்டியிருக்கும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980இல் உருவான பட்டப்பின் மருத்துவ நிறுவனம்தான் நாட்டின் எல்லா விசேட வைத்திய நிபுணர்களையும் உருவாக்குகிறது. எல்லோரும் பி.ஜி.ஐ.எம். என்பார்கள். உள்ளகப் பயிற்சி முடிந்து, மேலும் ஒரு வருடம் சேவை செய்த பிறகு, தெரிவுப் பரீட்சை எழுதலாம். பொது மருத்துவத்துக்கு ஒரு பரீட்சை, சத்திரசிகிச்சைக்கு ஒன்று, மகப்பேற்றுக்கு ஒன்று, மயக்க மருந்தியலுக்கு ஒன்று. ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு இடம் என்று சுற்றறிக்கை வரும். புள்ளி வரிசைப்படி இடம் நிரம்பும். பிறகு ரெஜிஸ்ட்ராராகச் சில வருடம், எம்.டி. இறுதிப் பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதற்குள் வெளிநாட்டில் ஒரு பயிற்சிக் காலம், கடைசியில் சபைச் சான்று. இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற துறைகளுக்குப் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்த பிறகு அங்கேயும் ஒரு வரிசை. பதினெட்டு பத்தொன்பது வயதில் உயர்தரம் எழுதிய பிள்ளை கன்சல்டன்டாக நிற்கும்போது முப்பத்தைந்தை எட்டிவிடும்.

அமெரிக்காவில் இதே கட்டத்துக்கு வேறொரு முறை. 1952இல் தொடங்கிய தேசியப் பொருத்தத் திட்டத்தில் மாணவர்கள் தங்கள் விருப்ப வரிசையையும் வைத்தியசாலைகள் தங்கள் விருப்ப வரிசையையும் கொடுக்க, கணினி பொருத்தம் பார்த்து மார்ச் மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு சொல்லும். (அந்தப் பொருத்தக் கணக்கைத் திருத்தியமைத்த அல்வின் ரோத் 2012இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு வாங்கினார். சாதகப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இது அவ்வளவு ஆச்சரியமாக இருக்காது.) அங்கே சிபாரிசுக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, நேர்முகம் எல்லாம் எடைபோடப்படும். 2022 முதல் முதற்கட்டத் தேசியப் பரீட்சைக்குப் புள்ளி கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். அதனால் தோலியல், எலும்பு, நரம்புச் சத்திரசிகிச்சை போன்ற துறைகளுக்குப் போக நினைப்பவருக்கு வழிகாட்டும் மூத்தவர் இல்லாமல் காரியம் நடக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் இலங்கை முறை இதைவிட நேர்மையானது: பரீட்சை எழுது, புள்ளி எடு, இடம் எடு, யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நானும் நீண்ட காலம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் பரீட்சைக்கு முந்திய வருடங்கள் ஒன்றாக இல்லை.

மெரிட் லிஸ்ட்டில் பின்னால் இருக்கிற ஒரு பெண் தூரத்துப் பிரதேச வைத்தியசாலை ஒன்றுக்கு நியமனம் பெற்றுப் போகிறாள் என்று வையுங்கள். அங்கே அவளைத் தவிர ஒன்றிரண்டு பேர்தான் வைத்தியர்கள். இரவு பகல் டியூட்டி. கேஸ் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு கன்சல்டன்ட் கிடையாது. எம்.டி. பரீட்சையின் கிளினிக்கல் பகுதியில் பரிசோதகர் முன் நின்று நோயாளியைப் பரிசோதித்து ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதைத் தினமும் பழகிக்கொள்ள எதிரில் ஒரு ஆள் கிடையாது. கொழும்பில் தேசிய வைத்தியசாலையில் வேலை செய்யும் அவளுடைய பேட்ச்மேட் காலை வார்டு ரவுண்டிலேயே மூன்று நீண்ட கேஸ் பேசிவிடுவான். தூர ஸ்டேஷனில் அமைதி இருக்கிறது, படிக்க நேரம் கிடைக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. முதல் கட்ட எழுத்துப் பரீட்சைக்கு அந்த அமைதி உதவும். என்ன படிப்பது என்று தெரிந்தால்.

மொழியையும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளை உயர்தரம்வரை தமிழில் படித்து, மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்துக்கு மாறி, வார்டில் சிங்களத்தில் நோய்ச்சரித்திரம் கேட்கப் பழகி, வீட்டுக்கு வந்து அம்மாவின் பிரஷர் மாத்திரையை மலையகத் தமிழில் விளக்க வேண்டும். இந்த வித்தை தெரிந்த வைத்தியர் பதுளை போதனா வைத்தியசாலைக்கு எவ்வளவு பெறுமதி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பரீட்சை மேசையில் அதற்குப் புள்ளி இல்லை. ஆங்கிலத்தில் தயங்கினால் புள்ளி குறையும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே வழிகாட்டல் எப்படி உருவாகிறது என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். 1873இல் போகும்வரை உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார், அதில் பெரும் பகுதியைத் தமிழிலேயே, தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கிக்கொண்டு. அவரிடம் படித்தவர்களின் வழியில் பிள்ளைகளும் பேரர்களும் வைத்தியர்களானார்கள். 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் வந்தபோது அங்கே வைத்தியம் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட குடும்ப வழக்கம். மலையகத்தில் அதே காலத்தில் என்ன இருந்தது? கோப்பி, பிறகு தேயிலை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களில் வைத்திய வசதியைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. கிடைத்தது ஒரு டிஸ்பென்சரியும் ஒரு தோட்ட வைத்திய உதவியாளரும். அவரைத்தான் மக்கள் டாக்டரையா என்று கூப்பிட்டார்கள். 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 ஆனது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களில். அப்படியென்றால் இன்று மருத்துவ பீடத்தில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தாத்தா கைநாட்டு, அப்பா சாதாரண தரம்வரை, தான் டாக்டர். மூன்றே தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம். ஆனால் 'அந்த யூனிட்டில் அப்பாயின்ட்மென்ட் செய்' என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

மலையகத்துக்கு வந்து போன வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை இலக்கிய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும்: 'நந்தி' என்ற பெயரில் எழுதிய செ. சிவஞானசுந்தரம். மலையகத்தில் வைத்தியராக வேலை செய்த அனுபவத்திலிருந்து 1960களில் 'மலைக்கொழுந்து' நாவலை எழுதியவர், பின்னாளில் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியர். மருத்துவ மாணவர்கள் ஆய்வு செய்யப் பழகுவதற்கென்றே ஒரு கையேடும் எழுதினார். அதை நான் அவருடைய நாவலுக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை. அந்தக் கையேட்டைப் படித்து முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதிய மாணவர்கள் யாழ்ப்பாணத்தில் இருப்பார்கள். ஊவாவுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நிபுணர் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போர்க்காலத்திலிருந்தே உதாரணம் எடுக்கலாம். தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் மனநலப் பேராசிரியராக இருந்தபோது மருத்துவ மாணவர்களோடு நிற்காமல் ஆசிரியர்கள், கிராம மட்ட ஊழியர்கள் என்று பலருக்குப் பயிற்சி கொடுத்தார். 2000ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புக்குப் போன மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசன், ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு மாவட்டத்துக்கான மனநல சேவையைக் கட்டினார். 2004 சுனாமி வந்தபோது மட்டக்களப்பில் தமிழில் பேசும் பயிற்சி பெற்ற ஆட்கள் கொஞ்சமாவது இருந்தார்கள் என்றால் அது தானாக நடந்ததில்லை. அவர்களைப் பார்த்து வளர்ந்த இளம் வைத்தியர்களுக்கு மனநலம் ஒரு துறையாகக் கண்ணில் பட்டது. பார்க்காத துறையை யாரும் தெரிவுசெய்வதில்லை.

மீரியபெத்தவுக்கு மேலே மலை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் சரிந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் பல இடங்களை உடைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் மீட்புப் பணி தொலைக்காட்சியில் வருகிறது. ஆறு மாதம் கழித்துத் தூக்கம் வராமல் விழித்திருப்பவர்களை எந்தக் கமராவும் படம்பிடிப்பதில்லை. அவர்கள் போய்க் கதவைத் தட்டத் தமிழ் தெரிந்த மனநல நிபுணர் ஒருவர் நடந்துபோகும் தூரத்தில் இல்லை. மண்சரிவு இல்லாத நாளிலும் கணக்கு இதுதான். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டத்தில் 32. குழந்தை நலமும் சமுதாய மருத்துவமும் மகப்பேறும் படித்த, லயத்துப் பேச்சு புரிந்த ஆட்கள் இருந்தால் மட்டும் இந்த எண் இறங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூலியும் தண்ணீரும் பிள்ளைக்காம்பராவும் சேர்ந்துதான் அதை இறக்கும். ஆனால் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சின் கூட்டத்தில் எழுந்து நிற்க ஒரு நிபுணர் வேண்டும்.

இங்கே ஒரு பிசகான பேச்சும் உண்டு. 'தோட்டத்துப் பிள்ளை படித்து, தோட்டத்துக்கே திரும்பி வந்து சேவை செய்ய வேண்டும்' என்பது. மேடையில் கைதட்டு வாங்கும் வசனம். ஆனால் கொழும்பு ஏழில் பிறந்த பிள்ளையை யாரும் கொழும்பு ஏழிலேயே சேவை செய்யச் சொல்வதில்லை. கொழுந்து பறித்த கூலியில் படித்தவளுக்கு இதய வைத்தியம் பிடித்திருந்தால், அவள் இதய நிபுணராகட்டும். சாயந்தரம் கொழும்பில் சனல் பண்ணட்டும். கண்டியில் வீடு கட்டட்டும். போட்டி அதிகமான துறைகளில் பெரும்பாலும் சனலிங் வருமானம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அந்த ஆசை கூடாதென்று சொல்வது எந்த நியாயம்? வழிகாட்டுபவர் மாணவியின் கையில் ஊரின் கடனை வைத்துவிட்டு அதற்கு வழிகாட்டல் என்று பேர் வைக்கக் கூடாது. துறைகளை எல்லாம் காட்டுவது அவருடைய வேலை: மனநலத்தையும் சட்ட வைத்தியத்தையும் அவசர சிகிச்சையையும் சேர்த்து. மருத்துவ மாணவர்கள் பொதுவாக சர்ஜரி, மெடிசின், குழந்தை, மகப்பேறு என்ற நான்கைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள், ஏனென்றால் வார்டில் மாதக்கணக்கில் பார்ப்பது அவற்றைத்தான். மிச்சத் துறைகளில் போட்டி குறைவு, நாட்டுக்கு ஆள் தேவை, வாழ்க்கையும் மோசமில்லை என்று ஒருவர் சொன்னால் சிலருக்குக் கண் திறக்கும். நேரடி எம்.டி. கைகூடாதவருக்கு டிப்ளோமா வழிகளும் இருக்கின்றன. அதைத் தோல்வி என்று பேசும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

தமிழ்நாடு இதற்கு வேறொரு விடை கண்டது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்கள் உட்பட அரசு சேவையில் வேலை செய்யும் வைத்தியர்களுக்குப் பட்டமேற்படிப்பு இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு நீண்ட காலம் இருந்தது. இடையில் சட்டச் சிக்கல் வந்து, 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த அதிகாரம் மாநிலத்துக்கு மீண்டது. கிராமத்துக்குப் போனால் எம்.டி.க்கு வழி திறக்கும் என்பதால் இளைஞர்கள் கிராமத்துக்குப் போனார்கள். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ மூன்று வருடம் தனியாக வைத்தியசாலை நடத்தியவருக்குத் தெரிவுப் பரீட்சையில் ஒரு சலுகை கொடுத்தால் என்ன என்று நம் நாட்டிலும் கேட்கலாம். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பது குப்பிதான். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சீனியர்கள் ஜூனியர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிற அந்த வழக்கத்தில் காசு இல்லை, பதிவு இல்லை, பரீட்சைக்கு முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கும் நடக்கும். மருத்துவ பீடத்தைக் காப்பாற்றுவதில் பாதி அதுதான். ஆனால் குப்பி இறுதி எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாகாணத்தில். மலையகத்துப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டியது, பட்டம் வாங்கிய பிறகும் நீளும் ஒரு குப்பி. பெரும்பாலும் அது ஒரு தொலைபேசி அழைப்பில் நடக்கும். இப்படி:

"அக்கா, நான் மெரிட் லிஸ்ட்ல ரொம்பப் பின்னுக்கு. எனக்கு இனி எம்.டி. சரிவராதுதானே?"

"யாரு சொன்னா? அந்த லிஸ்ட் வேலைக்கு எடம் எடுக்கத்தான். செலக்ஷன் எக்ஸாம்ல எல்லாரும் பூஜ்யத்துல இருந்துதான் தொடங்கணும். நீ இப்ப எந்த ஸ்டேஷன்?"

"மொனராகலைப் பக்கம்."

"சரி. பழைய பேப்பர் அனுப்புறேன். எக்ஸாமுக்கு ஆறு மாசம் முன்னால பதுளைக்கோ தியத்தலாவைக்கோ மாறப் பாரு. கூடப் படிக்க ஒரு ஆளு தேடு, ரெண்டு பேரு போதும், நாலு பேரு வேணாம். நாலு பேருன்னா கதைதான் நடக்கும்."

இந்த அழைப்பில் சொல்லப்பட்டவை எதுவும் இரகசியம் இல்லை. சுற்றறிக்கை எல்லோருக்கும் தெரியும்படிதான் வெளிவருகிறது. ஆனால் அந்தப் பெண்ணைப் பின்தள்ளியது ஒரு பிழையான நம்பிக்கை, அதைத் திருத்த ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் இல்லாததால் பரீட்சையே எழுதாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது.

என்னைக் கேட்டால் இந்தப் பேச்சு மூன்றாம் வருடத்திலேயே தொடங்க வேண்டும். வார்டுக்கு முதல் முதல் போகிற வருடம் அது. எந்தத் துறை என்று முடிவெடுக்கச் சொல்வதற்கல்ல. அந்த வயதில் முடிவெடுத்தால் பாதிப் பேர் மாற்றிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் கேஸ் பேசும் கூச்சத்தைப் போக்க, உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்ல, ஒரு சின்ன ஆய்விலாவது கைவைக்கச் சொல்ல. உள்ளகப் பயிற்சியின் இரண்டு ஆறு மாதங்களில் ஒன்றையாவது பாடம் சொல்லிக்கொடுக்கும் கன்சல்டன்டிடம் எடுக்கச் சொல்ல. வேலை இலேசான யூனிட்டைத் தேடிப் போக வேண்டாம் என்று சொல்ல. பிறகு காசைப் பற்றி வெளிப்படையாகப் பேச.

காசுப் பேச்சைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் 1,350. அந்தச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்கவைத்த வீட்டில், மகள் டாக்டராகி முதல் சம்பளம் வாங்கிய மாதமே எதிர்பார்ப்பு வந்து நிற்கும்: தம்பியின் படிப்பு, அக்காவின் கல்யாணம், ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு. அந்த வீட்டில் போய், 'இன்னும் சில வருடம் பரீட்சை, பிறகு பயிற்சி' என்று சொல்ல வாய் வராது. தனியார் கிளினிக் வேலையில் மாதம் எவ்வளவு கூட வரும் என்று அவளுக்குத் தெரியும். வழிகாட்டுபவர் வீட்டுக்கும் போய் அப்பா அம்மாவிடம் பேச வேண்டியிருக்கும்: 'அண்ணே, ரெண்டு வருஷம் பொறுங்க, ரெஜிஸ்ட்ராரா இருக்கும்போதும் சம்பளம் வரும், நிக்காது' என்று. ரெஜிஸ்ட்ரார் காலத்திலும் சம்பளம் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியாத விடயம்.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும்போது இன்னொன்று வரும். அரசாங்கத்துக்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று. பிணை நிற்க ஆட்களும் வேண்டும். வைத்தியர் குடும்பத்தில் இது ஒரு கையெழுத்து. லயத்தில் பிறந்தவளுக்கு நிரந்தர உத்தியோகத்தில் உள்ள சொந்தக்காரர் யார்? 2022 நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள், பயிற்சிக்குப் போன சிலர் திரும்பவே இல்லை. அதனால் கையெழுத்துப் போட யோசிப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கொஸ்லந்தையிலிருந்து, பசறையிலிருந்து, ஹப்புத்தளையிலிருந்து, நமுனுகுலை அடிவாரத்திலிருந்து புறப்பட்டு இன்று விசேட நிபுணராகவோ ரெஜிஸ்ட்ராராகவோ இருப்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கலாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பேராதனை மருத்துவ பீடங்களின் பழைய மாணவர்களிடம் கேட்டால் பாதிப் பெயர் கிடைத்துவிடும். பட்டியல் நீளமாக இருக்காது. லண்டனிலும் மெல்பர்னிலும் இருப்பவர்களையும் சேர்க்கலாம். அவர்களுக்கு நேர வித்தியாசம் மட்டும்தான் பிரச்சினை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு மாணவர்கள், மூன்றாம் வருடத்திலிருந்து ஒருவர், உள்ளகப் பயிற்சி முடித்தவர் ஒருவர். அலுவலகம் வேண்டாம், பேனர் வேண்டாம், அமைச்சர் வந்து விளக்கேற்ற வேண்டாம். அடுத்த பி.ஜி.ஐ.எம். சுற்றறிக்கை வருவதற்குள் முதல் அழைப்பை எடுத்துவிட்டால் நல்லது. விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் காலம் அதிகமில்லை.